வெங்காயத் தோலில் சாயமிட்ட பருத்தி நூல் மூன்றாம் கழுவலில் வெளிறிவிட்டது. எங்கே பிழை?

நிலாவெளி நூல் | மே 4, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். குரோஷா பின்னிப் பைகளும் தொப்பிகளும் விற்பது என் தொழில். கடை நூலின் பச்சையும் ரோஸும் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. வெள்ளைப் பருத்தி நூலை வாங்கி, எங்கள் ஊரில் கிடைக்கும் இலை, தோல், பட்டை கொண்டு நானே சாயம் போட வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை.

திருகோணமலையில் எங்கள் நிலாவெளிப் பக்கம் சின்ன வெங்காயச் செய்கை என்பது தெரிந்ததுதானே. அத்தானின் கொட்டிலில் வெங்காயம் பிடி கட்டித் தொங்கும் நாட்களில் தோல் உதிர்ந்து, காற்றில் பறந்து, வேலிக் கம்பியில் ஒட்டிக் கிடக்கும். அதை ஓர் உரப்பை நிறைய அள்ளி வந்தேன். 100 கிராம் நூலுக்கு 100 கிராம் தோல். தோலை ஒரு மணித்தியாலம் அவித்து வடித்து, அந்தத் தண்ணீரில் நூலைப் போட்டு இன்னும் ஒரு மணித்தியாலம் மெல்லிய சூட்டில் வைத்தேன். காணொளி ஒன்றில் சொன்னபடி ஒரு பிடி உப்பும் அரைக் கோப்பை வினாகிரியும் சேர்த்தேன்.

பிழிந்து எடுத்தபோது, புளி போட்டுத் துலக்கிய செப்புக் குடத்தின் நிறம். அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். இப்போது பால் கூடிப்போன தேத்தண்ணீர் மாதிரி இருக்கிறது, அதுவும் திட்டுத் திட்டாக. ஒரு பந்தில் சாயமே ஏறவில்லை. மற்றதோடு சேர்த்துத்தான் அவித்தேன், அதே பானைதான்.

இந்த நூலில் ஒரு பை பின்னித் தருவதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரொறன்ரோ ஊசி | மே 4, இரவு 10.15

தங்கச்சி, எனக்குச் சொந்த ஊர் மனையாவெளி. இதே வெங்காயத் தோலில் நான் சாயமிட்ட கம்பளிச் சால்வை ஐந்தாவது பனிக்காலத்தையும் கண்டுவிட்டது, நிறம் அப்படியே இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் கூடுதலாகச் செய்தேன்: சாயம் போட முன்னர் 100 கிராம் கம்பளிக்கு 10 கிராம் படிகாரம் கரைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் சூடாக்கினேன். உங்கள் பதிவில் படிகாரம் என்ற சொல்லே இல்லை. உப்பும் வினாகிரியும் அந்த வேலையைச் செய்யா.

ஆனால் கம்பளி ஆட்டு மயிர், பருத்தி செடியின் பஞ்சு. இரண்டும் சாயம் குடிக்கும் விதமே வேறு. இதே முறையில் பருத்தியையும் ஒருதரம் போட்டுப் பார்த்தேன், பாதி நிறம்கூட ஏறவில்லை. பருத்தியில் கை பழகியவர்கள் மிச்சத்தைச் சொல்லட்டும்.

மருதமுனைத் தறி | மே 5, காலை 6.50

வாப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. நாங்கள் பெரும்பாலும் கடைச் சாயம்தான் போடுகிறோம், ஆனால் எந்தச் சாயமானாலும் முதல் வேலை ஒன்றுதான்: நூலின் அழுக்கை எடுப்பது. தங்கச்சி, வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக நூல் சுத்தம் என்று எண்ண வேண்டாம். பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அது இருக்கும்வரை தண்ணீரே உள்ளே போகாது, சாயம் எங்கே போவது?

100 கிராம் நூலுக்கு 3 லீற்றர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா. ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் கொதிக்க வையுங்கள். அந்தத் தண்ணீர் வெறுந் தேத்தண்ணீர் மாதிரி நிறம் மாறும். முதல் தரம் பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள். தண்ணீர் தெளிவாகும்வரை இன்னொரு தரமும் கொதிக்க வைக்கலாம். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை நூலில் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்ச வேண்டும். முத்துப் போல மேலே நின்றால் மெழுகு இன்னும் போகவில்லை.

அடுத்தது, நூலைப் பந்தாகவே போட்டீர்களா? அப்படியானால் திட்டு விழத்தான் செய்யும். கழியாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுப் போடுங்கள். இறுக்கினால் கட்டின இடம் வெள்ளையாக நிற்கும். போடும்போது நூல் ஈரமாக இருக்க வேண்டும், பானையில் நீந்தும் அளவுக்கு இடமும் வேண்டும்.

சாயம் ஏறாத பந்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். ஒரு விரல் நீளம் வெட்டி நெருப்பில் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

நிலாவெளி நூல் | மே 5, பகல் 1.20

நானா, பந்தாகத்தான் போட்டேன். அதுவும் காய்ந்த நூல்.

குசினி வாசலில் வைத்து இரண்டையும் கொளுத்திப் பார்த்தேன். நிறம் ஏறிய நூல் கடதாசி எரிவது போல மளமளவென்று எரிந்தது, அதே மணம், விரலால் தொட்டதும் உதிரும் சாம்பல். மற்றது எரியவில்லை, சுருண்டது. நுனி உருகிக் கறுப்பு மணியாகி, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத அளவுக்கு இறுகிவிட்டது. பிளாஸ்டிக் மணம். உறையில் பருத்தி என்றுதான் போட்டிருந்தது.

மருதமுனைத் தறி | மே 5, பகல் 2.05

அது அக்ரிலிக் அல்லது பொலியெஸ்டர். எத்தனை மூட்டை வெங்காயத் தோல் அவித்தாலும் அதில் ஏறாது. இனி நூல் வாங்கும்போது தீப்பெட்டியையும் கொண்டு போங்கள், கடைக்காரரிடம் கேட்டு ஒரு நுனியைக் கொளுத்திப் பார்த்து வாங்குங்கள்.

இரசாயன ஆசிரியர் | மே 5, இரவு 9.30

உப்பு, வினாகிரி விசயத்தை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பிழை எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது. கடையில் பொட்டலமாக வரும் சில செயற்கைச் சாயங்களுக்கு உப்புப் போடுவார்கள், சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு. அந்தப் பழக்கம் இலைச் சாயத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இலைச் சாயத்துக்கு வேண்டியது ஓர் உலோகம், அதிலும் கையாள எளியது அலுமினியம். படிகாரத்தில் இருப்பது அதுதான்.

ஆனால் பருத்தி என்பது செடியின் நார்ப்பொருளான செலுலோசு. அலுமினியம் அதில் நேரே நன்றாக ஒட்டாது. கம்பளியில் அக்கா சொன்ன முறை சரிவந்ததும் பருத்தியில் வராததும் இதனால்தான். நடுவில் தனின் வேண்டும், காய், பட்டைகளில் இருக்கும் துவர்ப்புப் பொருள் அது. தனின் பருத்தியைப் பிடிக்கும், அலுமினியம் தனினைப் பிடிக்கும், சாயம் அலுமினியத்தைப் பிடிக்கும். இந்த வரிசை மாறக் கூடாது. எங்கள் முன்னோர் கடுக்காயைத் தேடிப் பிடித்தது இதற்காகவே. கலம்காரித் துணிக்கு இன்றும் கடுக்காய்ப் பாலில்தான் தொடங்குகிறார்கள்.

நான் பாவிக்கும் அளவு, 100 கிராம் நூலுக்கு: கடுக்காய்த் தூள் 20 கிராம். விதையை நீக்கி, தோலை மட்டும் இடித்தது. சுடுநீரில் கரைத்து நூலை இரவு முழுவதும் ஊறவிடுங்கள், கொதிக்க வேண்டாம். நூல் வெண்ணெய் நிறமாகும். பிழிந்து, அலசாமல், 20 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீருக்கு மாற்றுங்கள். அந்தப் படிகாரத் தண்ணீரில் 3 கிராம் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். நுரைத்துப் பொங்கும், உயரமான பானை எடுங்கள். அதில் இன்னோர் இரவு. அதன் பிறகுதான் சாயம்.

வெங்காயத் தோலில் இருப்பது குவர்செற்றின் என்ற சாயப்பொருள். அது அலுமினியத்தோடு நன்றாகச் சேரும். நீங்கள் எடுத்த பொருளில் பிழையே இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்க நூலில் ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மூதூர் வளவு | மே 6, காலை 11.00

இத்தனை பாடு எதற்கு என்று தெரியவில்லை. எங்கள் பெத்தம்மா மஞ்சள் அவித்து அதில் துணியைத் தோய்த்துக் காய வைப்பார். கடுக்காயும் இல்லை, படிகாரமும் இல்லை. பளிச்சென்று இருக்கும். மஞ்சள் கயிறு கட்டாத கல்யாணம் உண்டா? அதற்கு யார் படிகாரம் போடுகிறார்கள்?

இரசாயன ஆசிரியர் | மே 6, பகல் 3.40

பிள்ளை, நீங்கள் சொல்வது உண்மை. மஞ்சள் உதவியில்லாமலே பருத்தியில் ஏறும், அப்படி ஏறும் சாயங்கள் மிகச் சில. ஏறுவது வேறு, நிற்பது வேறு. மஞ்சள் கயிற்றுக்குப் பெண்கள் திரும்பத் திரும்ப மஞ்சள் பூசிக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா? நிறம் போகிறது என்பதால்தானே.

இரண்டு எதிரிகள் அதற்கு. ஒன்று வெயில். மற்றது சவர்க்காரம். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீருக்குள் ஒரு துளி சுண்ணாம்பு விட்டதும் சிவப்பாகிறதே, அதே மாற்றம்தான் மஞ்சள் துணியைச் சவர்க்காரத்தில் போடும்போதும் நடக்கிறது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். பூசைத் துணிக்கு மஞ்சள் போதும், விலை கொடுத்து வாங்கும் பைக்குப் போதாது.

மூதூர் வளவு | மே 6, பகல் 4.10

சரி சேர், ஆலாத்தி உதாரணம் விளங்கியது. ஆனாலும் அந்த நிறம் வேறு எதிலும் வராது. எனக்கு அதுதான் வேண்டும்.

தம்பலகாமம் | மே 6, இரவு 7.25

வெயிலில் நிற்கும் மஞ்சள் வேண்டுமானால் பலா மரத்தூள் இருக்கிறது. தச்சுப் பட்டறையில் மரம் அறுக்கும்போது கீழே குவியும் தூளைச் சும்மா தருவார்கள். வேறு மரத்தூள் கலக்காமல் பார்த்து அள்ள வேண்டும். துணியில் முடிந்து ஓர் இரவு ஊறவிட்டு அவித்தால் கடுகு அரைத்த மாதிரி ஆழ்ந்த மஞ்சள். பிக்குமாரின் சீவரத்துக்குப் பலாவைத்தான் காலங்காலமாகப் பாவித்தார்கள். மஞ்சளின் பளிச்சு இதில் இருக்காது, ஆனால் நம்பலாம். மாவிலையும் மஞ்சள் தரும், மாதுளம் தோலும் தரும். மாதுளம் தோலில் தனின் நிறைய, கடுக்காய் கிடைக்காவிட்டால் அதையே கடுக்காயின் இடத்துக்கும் எடுக்கலாம்.

பீற்றூட், சங்குப்பூ, செம்பரத்தை, பசளிப்பழம் பக்கம் போகவே வேண்டாம். பானையில் பார்த்தால் மனதை மயக்கும். ஒரு கிழமை வெயிலில் எல்லாம் சாம்பல்.

உப்புவெளிக் கிணறு | மே 7, காலை 8.15

யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லையே. தங்கச்சி, கடலுக்கு எவ்வளவு தூரத்தில் கிணறு? எந்தத் தண்ணீரில் அவித்தீர்கள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் மாவிலையில் சாயம் போட்டேன், எல்லோருக்கும் மஞ்சள் வந்தது, எனக்கு மட்டும் பாசி நிறம். மூன்று தரம் அப்படி. பிறகுதான் மாமி சொன்னார், எங்கள் கிணற்றில் தேத்தண்ணீர் போட்டால் கறுக்கும் என்று. தேயிலையிலும் தனின், கிணற்றில் இரும்பு. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. நிறம் மங்க அந்தச் சிறிய இரும்பே போதும்.

ஒரு கண்ணாடிக் குவளையில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீர் அல்லது போத்தல் தண்ணீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டுக் கலக்கி, வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் ஊதாக் கறுப்பாகத் திரும்பினால் இரும்பு இருக்கிறது.

நிலாவெளி நூல் | மே 9, இரவு 9.05

அக்கா, கறுத்தது! நன்றாகவே கறுத்தது. போத்தல் தண்ணீர் வைக்கோல் நிறத்தில் நிற்கிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீர் நாவற்பழம் கழுவிய தண்ணீர் மாதிரி. நாங்கள் குடிப்பதற்கு வேறு கிணற்றில் அள்ளுகிறோம், உடுப்புக்கும் செடிக்கும்தான் இது. இருபது வருடமாக இந்தத் தண்ணீரில் தோய்க்கிறோம். வெள்ளைச் சட்டைகள் ஏன் மங்குகின்றன என்பதும் இன்றுதான் புரிந்தது.

இனி சாயத்துக்குக் கந்தளாய்க் குளத்துக் குழாய்த் தண்ணீர். மாரி வந்ததும் பீலிக்குக் கீழே பீப்பாய் வைத்து மழைத் தண்ணீர் பிடிக்கப் போகிறேன்.

இரசாயன ஆசிரியர் | மே 9, இரவு 9.50

அந்தக் கிணற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம் மகள். இரும்பு வேண்டும் என்று தேடுகிறவர்கள் துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஊறப்போட்டுக் கிழமைக் கணக்கில் காத்திருக்கிறார்கள். மாதுளம் தோலில் மஞ்சளாகச் சாயமிட்ட நூலை ஒரு சொட்டு இரும்புத் தண்ணீரில் தோய்த்தால் சாம்பல் கலந்த பச்சை வரும், கடுக்காய் நூல் கறுக்கும். அளவு கூடினால் நாளடைவில் நூல் இற்றுப்போகும், ஆகவே கடைசித் தோய்ப்பாக, இரண்டு மூன்று நிமிடம் மட்டும்.

நிலாவெளி நூல் | மே 17, மாலை 6.30

எல்லோரும் சொன்னதையும் வரிசையாகச் செய்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கள்: சலவைச் சோடாவில் கொதி. நானா சொன்ன அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கண்ணால் கண்டேன். தூய வெள்ளை நூலில் இருந்து இவ்வளவு அழுக்கா என்று அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். மூன்றாம் கொதியில்தான் தண்ணீர் தெளிந்தது. கச்சான் காற்று வீசுகிற நாள், முற்றத்துக் கொடியில் போட்ட நூல் சோறு வடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பொட்டென்று உள்ளே போய்விட்டது.

திங்கள் இரவு கடுக்காய். நாட்டுமருந்துக் கடையில் முழுக் காயாகத்தான் கிடைத்தது, அம்மியில் தட்டி விதை எடுத்து உரலில் இடித்தேன். செவ்வாய் இரவு படிகாரம். சோடாவைத் தூவியபோது நுரை பானையின் விளிம்பு வரை வந்து அடங்கியது. உயரமான பானை என்று சேர் சொல்லியிராவிட்டால் அடுப்பு அணைந்திருக்கும்.

புதன் காலை வெங்காயத் தோல். இம்முறை 100 கிராம் நூலுக்கு 60 கிராம்தான் போட்டேன். கழியை அகப்பைக் காம்பில் கோத்து, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தூக்கித் திருப்பினேன். முதல் அரை மணித்தியாலம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு பார்த்தால் பானைத் தண்ணீர் வெளிறுகிறது, நூல் ஆழமாகிறது. முதல் தரம் சாயம் தண்ணீரிலேயே நின்றது, இம்முறை நூல் அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்து இரவு முழுவதும் அப்படியே விட்டேன்.

வியாழன் காலை அலசியபோது தண்ணீரில் நிறம் இறங்கியது மிகக் குறைவு. காய்ந்த நூலின் நிறத்தை எப்படிச் சொல்வது? செம்பு என்று முதலில் எழுதினேன், இது அதற்கும் மேலே. தேன்கூட்டைப் பிழிந்து வெயிலுக்கு நேரே பிடித்தால் தெரியும் நிறம். ஐந்து தரம் கழுவிவிட்டேன், காரம் குறைந்த திரவச் சவர்க்காரத்தில். நிற்கிறது.

ரொறன்ரோ ஊசி | மே 17, இரவு 10.40

படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது தங்கச்சி. அடுப்படியில் நின்று பார்த்த மாதிரி இருக்கிறது. கச்சான் காற்று என்ற சொல்லை நான் கேட்டே எத்தனை வருடம்.

சல்லிக்கரை | மே 19, காலை 5.45

பிள்ளைகளே, நான் நூல் பின்னுகிறவன் இல்லை. கடற்தொழில் செய்த ஆள். மகள் இந்த இழையை வாசித்துக் காட்டினாள், எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, அவளே எழுதித் தருகிறாள்.

நைலோன் வலை வருமுன்னர் எங்கள் வலை எல்லாம் பருத்தி நூல், சணல் நூல். கடல் தண்ணீரில் கிடந்தால் பருத்தி கெதியாக உக்கும். அதனால் வலைக்குச் சாயம் போடாமல் கடலில் இறக்க மாட்டோம். சாயம் எது? பனிச்சை மரத்தின் காய், பனிச்சங்காய்.

பழுக்காத காயாக இருக்க வேண்டும். பழுத்தால் வேலைக்கு ஆகாது. கத்தி படக் கூடாது, பட்டால் கத்தியும் காயும் கறுத்துவிடும், ஆகவே மர உரலில் உலக்கையால் இடிப்போம். இடித்ததைத் தண்ணீரோடு மரத்தொட்டியில் போட்டு மூடி வைத்தால் நாலைந்து நாளில் பிசின் போலச் சாறு இறங்கும். நாற்றம் சொல்லி வேலையில்லை, வளவுக்கு வெளியேதான் தொட்டி. ஐயா வலையைப் பிடிப்பிடியாகத் தோய்த்துத் தருவார், நானும் தம்பியும் கரைக்கு இழுத்துப்போய்க் கம்புகளில் விரிப்போம். காய்ந்ததும் திரும்பத் தோய்த்தல். திரும்ப வெயில். முதல் நாள் வலை இளஞ்சிவப்பாக இருக்கும், மூன்றாம் நாள் காய்ந்த இரத்த நிறம், தொழிலுக்குப் போகப் போகக் கறுத்துக்கொண்டே வரும். எங்கள் விரல் நுனிகள் பத்து நாளுக்குக் கறுப்பு. பள்ளிக்கூடத்தில் கையைப் பார்த்தே எங்கள் வீட்டில் வலை தோய்த்தது எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் கடுக்காய், படிகாரம் என்று மூன்று நாள் பாடுபடுகிறீர்கள். பனிச்சங்காய்க்கு ஒன்றும் வேண்டாம். காயும் வெயிலும் போதும். வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி என்று ஊரே இருக்கிறது, அந்த மரத்தின் பெயர்தான். ஆற்றோரம், குளத்தோரம் நிற்கும் மரம். இப்போது யாரும் காயைத் தொடுவதில்லை, உதிர்ந்து கிடக்கிறது.

தம்பலகாமம் | மே 19, காலை 9.10

ஐயா, கண்டல் பட்டையிலும் வலை தோய்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கொட்டியாரக்குடாப் பக்கம் கண்டல் நிறைய நிற்கிறதே, அதையும் எடுக்கலாமா?

சல்லிக்கரை | மே 19, மாலை 5.30

தோய்த்ததுதான், நல்ல செம்பழுப்பு வரும். ஆனால் இப்போது எடுக்காதீர்கள். பட்டையை உரித்தால் மரம் சாகும். இறாலும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் கண்டல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அதன் அருமை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டமும் இருக்கிறது. கண்டலை வெட்டினால் தண்டனை.

இரசாயன ஆசிரியர் | மே 19, இரவு 8.20

ஐயாவின் பதிவை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். பனிச்சங்காய்ச் சாற்றின் தனின் வெயிலும் காற்றும் பட்டு இறுகி, நூலைச் சுற்றி ஒரு தோல் மாதிரிப் படிந்துவிடுகிறது. ஆகவே படிகாரம் தேவைப்படுவதில்லை. யப்பானில் இதன் இனத்துக் காயான பேர்சிமனைப் புளிக்க வைத்து, இதே முறையில் துணிக்கும் கடதாசிக்கும் பூசுகிறார்கள். அதை உலகம் தேடி வாங்குகிறது. எங்கள் கரையில் அதே அறிவு வலையோடு போய்விட்டது.

இப்படித்தான் சாயவேரும் போனது. மன்னார், யாழ்ப்பாணக் கடற்கரை மணலில் வளரும் சிறு செடி, தமிழ்நாட்டில் இம்பூறல் என்பார்கள். அந்த மெல்லிய வேரின் சிவப்புக்காக ஒல்லாந்தர் கும்பனி தோண்டும் உரிமையையே தன் கையில் வைத்திருந்தது. வேரின் சிவப்பைத் தருவது அலிசரின். 1869இல் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி வந்தது, பிறகு வேர் தோண்டுகிறவரைத் தேட ஆள் இல்லை.

மூதூர் வளவு | மே 20, காலை 10.00

நீலம் பற்றி யாரும் சொல்லவில்லையே? அவுரி எங்கள் வளவில் தானாகவே முளைக்கிறது. அவித்துப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர்தான் வந்தது.

மருதமுனைத் தறி | மே 20, பகல் 12.45

ராத்தா, அவுரியை அவிக்கக் கூடாது. இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்து, சுண்ணாம்பு சேர்த்து, அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் வண்டலாக இறங்கும். அந்த வண்டல் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்போடு பனங்கட்டியோ தகரை விதையோ சேர்த்து மூடி வைத்து, தொட்டித் தண்ணீர் மஞ்சட்பச்சையாகத் திரும்பிய பிறகுதான் நூலை இறக்க வேண்டும். வெளியே தூக்கியதும் காற்றுப் பட்டு, கண் முன்னாலேயே பச்சை நீலமாகும். கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். ஆனால் தொட்டியைப் பழக்குவது பிள்ளை வளர்க்கிற மாதிரி. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உப்புவெளிக் கிணறு | மே 20, பகல் 2.30

ஒரு வார்த்தை. நிறம் கூட்ட மயில்துத்தம் (செப்பு உப்பு) போடலாம் என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள். போடாதீர்கள். எங்கள் மணல் நிலத்தில் ஊற்றியது நேரே கிணற்றுக்குத்தான் போகும். சாயப் பானையும் அகப்பையும் சமையலுக்குத் திரும்பக் கூடாது, படிகாரம் மட்டும் போட்டிருந்தாலும்.

நிலாவெளி நூல் | யூன் 24, இரவு 8.00

ஒரு மாதமாக எழுதவில்லை. சல்லிக்கரை ஐயா சொன்னபடி பனிச்சங்காய் தேடினேன். அத்தானின் கூட்டாளி ஒருவரின் வயலோரம் ஒரு மரம் நிற்கிறது. ஒரு பை காய். நாலு நாள் ஊறல், நாற்றம் ஐயா சொன்னதற்குக் குறைவில்லை. தோய்த்துக் காய வைத்து, தோய்த்துக் காய வைத்து, ஆறு தரம். விரல் நுனி இப்போதும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

அதோடு ஒரு சோதனையும் செய்தேன். ஐந்து நூலை ஒரே அட்டையில் வரிசையாகச் சுற்றி, அட்டையின் பாதியைக் கறுப்புக் கடதாசியால் இறுக்கி மூடி, வெயில் படும் யன்னலில் மூன்று கிழமை தொங்கவிட்டேன். இன்று மாலை கடதாசியைப் பிரித்தேன்.

மஞ்சள்: மூடிய பாதி பூசணிப்பூ, திறந்த பாதி கிட்டத்தட்ட வெள்ளை. மூதூர் அக்கா, மன்னிக்க வேண்டும். வெங்காயத் தோல்: திறந்த பாதி சற்று மங்கல், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பலா: மாற்றமே இல்லை. மாதுளம் தோலை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மூன்று நிமிடம் தோய்த்தது: மாற்றம் இல்லை, அந்தச் சாம்பல் பச்சை எனக்கு எல்லாவற்றிலும் பிடித்திருக்கிறது.

பனிச்சங்காயைப் பார்த்ததும் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேனோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெயில் பட்ட பாதிதான் ஆழமாக இருக்கிறது. மூடியிருந்த பாதி வெளிர். மற்றதை எல்லாம் தின்ற அதே வெயில் இதை இன்னும் கறுக்க வைத்திருக்கிறது.

நூல் கொஞ்சம் விறைப்பு. தொப்பிக்குச் சரிவராது, பைக்கு நல்லது, பாரம் வைத்தாலும் தொய்யாது. வாக்குக் கொடுத்த பையை அடியும் காதும் பனிச்சங்காய் நூல், உடம்பு வெங்காயத் தோல் நூல் என்று பின்னிக்கொண்டிருக்கிறேன். ஐயா, அடியைப் பின்னும்போது அம்மா பக்கத்தில் வந்து மணந்து பார்த்துவிட்டு, இது அப்பப்பாவின் மீன்வாடியில் இருந்த மணம் என்றார்.

சல்லிக்கரை | யூன் 25, காலை 5.50

மகள், இன்னும் இரண்டு தரம் தோய்த்துக் கடற்கரை வெயிலிலேயே காய வையுங்கள், முற்றத்து நிழல் போதாது. காய் தேவையென்றால் எங்கள் பக்கத்திலும் இரண்டு மரம் நிற்கிறது. பழுக்கமுன் சொல்லி அனுப்புகிறேன்.